பெரியவர்களுக்கு ஸ்கோலியோசிஸ் ஆபரேஷன்: போகும் முன்னும் வந்த பின்னும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதுகுத்தண்டு பக்கவாட்டில் வளைந்து, கூடவே திருகியும் கொள்வதுதான் ஸ்கோலியோசிஸ். பதின்வயதில் வந்ததை அப்படியே விட்டுவிட்டு 30, 40 வயதில் ஆபரேஷனுக்கு வருபவர்கள் உண்டு. 50-ஐத் தாண்டியபின் டிஸ்க்கும் மூட்டும் தேய்ந்து புதிதாக வளைந்தவர்களும் உண்டு. முதுகைத் திறந்து, ஸ்க்ரூவும் கம்பியும் போட்டு, எலும்புகளை ஒன்றோடொன்று ஒட்டவைக்கும் ஆபரேஷனைப் பற்றித்தான் கீழே எல்லாம். உங்கள் சர்ஜன் எழுதிக் கொடுத்தது இதிலிருந்து மாறுபட்டால் அவர் சொன்னதையே கேளுங்கள். உங்கள் படங்களையும் உங்கள் முதுகையும் பார்த்தவர் அவர்தான்.

எனக்கு வளைவு 48 டிகிரி. ஆபரேஷன் கட்டாயமா?

பெரியவர்களுக்கு டிகிரியை மட்டும் வைத்து முடிவு செய்வதில்லை. எக்ஸ்ரேயில் அளக்கும் அந்த எண்ணுக்குக் காப் கோணம் என்று பெயர். வளர்ச்சி நின்றபின் 30 டிகிரிக்குக் கீழே உள்ள வளைவு பெரும்பாலும் அப்படியே நின்றுவிடும். மார்புப் பகுதியில் 50-ஐத் தாண்டியது ஆண்டுக்குச் சுமார் 1 டிகிரி வீதம் கூடிக்கொண்டே போகலாம். ஒரே படத்தை இரண்டு டாக்டர்கள் அளந்தாலே 5 டிகிரி வரை வித்தியாசம் வரும். அதனால் போன வருடம் 48, இந்த வருடம் 51 என்றால் கூடிவிட்டது என்று பதற வேண்டாம்.

சர்ஜன் பார்ப்பது வேறு சில விஷயங்கள். கொஞ்ச தூரம் நடந்தாலே கால் மரத்து உட்கார வேண்டியிருக்கிறதா, நிமிர்ந்து நிற்க முடியாமல் உடம்பு முன்பக்கமோ பக்கவாட்டிலோ சாய்கிறதா, பல வருடப் படங்களை வரிசையாக வைத்தால் வளைவு கூடுவது தெரிகிறதா, ஆறு மாதமாவது ஒழுங்காகப் பயிற்சியும் மருந்தும் எடுத்தும் வலி அடங்கவில்லையா. தோற்றம் உறுத்துகிறது என்பதும் நியாயமான காரணம்தான். அதுதான் முதல் காரணம் என்றால் அதை மறைக்காமல் சொல்லுங்கள். எதைச் சரிசெய்ய வருகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆபரேஷனின் அளவே மாறும்.

உள்ளே என்னதான் செய்வார்கள்?

குப்புறப் படுக்கவைத்து, முதுகு நடுவே கீறி, தசைகளை எலும்பிலிருந்து பிரித்து ஒதுக்குவார்கள். ஒவ்வொரு எலும்பிலும் வலம் ஒன்று, இடம் ஒன்று என ஸ்க்ரூ. அவற்றை 5.5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள இரண்டு கம்பிகளில் பூட்டி, வளைவை முடிந்தவரை நேராக்குவார்கள். கம்பி டைட்டானியமாகவோ கோபால்ட் குரோமாகவோ இருக்கும். பிறகு சின்ன மூட்டுகளை எடுத்துவிட்டு, எலும்பின் மேற்பரப்பைச் சுரண்டி, எலும்புத் துகள்களை அடைப்பார்கள்.

பலர் கம்பிதான் வைத்தியம் என்று நினைக்கிறார்கள். மாடிக்குக் கான்கிரீட் போடும்போது அடியில் நிற்கும் சென்ட்ரிங் மாதிரிதான் அது. எலும்புத் துகள்கள் ஒரே எலும்பாகச் சேர்ந்து இறுக 6 முதல் 12 மாதம் ஆகும், சிலருக்கு அதற்கு மேலும். சேராவிட்டால், இப்படியும் அப்படியும் மடக்கிய கம்பி போல ராடு ஒருநாள் உடையும். அதைத் தவிர்க்கத்தான் கீழே சொல்லியிருக்கும் பத்தியம், கட்டுப்பாடு, காத்திருப்பு எல்லாம்.

முதுகு ஸ்கேல் வைத்தது போல நேராகிவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தலை இடுப்புக்கு நேர் மேலே வந்து நிற்பதுதான் குறி.

சர்ஜனிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

முதல் கேள்வி: எந்த எலும்பிலிருந்து எந்த எலும்பு வரை ஒட்டவைக்கப் போகிறீர்கள்? அதற்குத் துணைக்கேள்வி: கம்பி இடுப்பெலும்பு வரை போகுமா? மார்புப் பகுதியில் மட்டும் என்றால் குனிந்து நிமிர்வதில் பெரிய வித்தியாசம் தெரியாது. இடுப்பெலும்பு வரை போனால் செருப்பு மாட்டுவது, கால் நகம் வெட்டுவது, மலம் கழித்தபின் கழுவுவது எல்லாவற்றுக்கும் புது வழி பழக வேண்டும். கடைசியாகச் சொன்னதை வெட்கப்பட்டுக்கொண்டு யாரும் கேட்பதில்லை. வீட்டுக்கு வந்தபின்தான் திகைக்கிறார்கள்.

ஒரே நாளில் முடிப்பீர்களா, இரண்டு தவணையா, எலும்பை வெட்டி எடுக்க வேண்டியிருக்குமா, நரம்பைக் கண்காணிக்கும் கருவி இருக்கிறதா, இது போன்ற பெரியவர் கேஸ்கள் வருடத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்பதையும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கிறார் என்றால் இன்னொரு டாக்டரிடமும் கருத்துக் கேட்பது நல்லது. இது அவசர ஆபரேஷன் இல்லை, பெரும்பாலும் நேரம் இருக்கிறது.

எத்தனை மாதத்துக்கு முன்பே தயாராக வேண்டும்?

குறைந்தது மூன்று மாதம். தலை முதல் தொடை வரை ஒரே படத்தில் வரும்படி நின்றுகொண்டு எடுக்கும் எக்ஸ்ரே, எம்ஆர்ஐ, பெரும்பாலும் சிடியும் எடுப்பார்கள். இதயத்துக்கு எக்கோ. வளைவு பெரிதென்றால் நுரையீரல் ஊதும் பரிசோதனை. ரத்தத்தில் ஹீமோகுளோபின், அல்புமின் என்ற புரதம், வைட்டமின் டி, சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி (HbA1c).

சர்க்கரைச் சராசரி 7.5-க்கு மேல் இருந்தால் பல டாக்டர்கள் தேதியைத் தள்ளிப்போடுவார்கள். சர்க்கரை கூடினால் புண் ஆறாது, கிருமி தொற்றும். ஹீமோகுளோபின் குறைவென்றால் இப்போதே இரும்புச்சத்து ஏற்றினால், ஆபரேஷனில் அடுத்தவர் ரத்தம் ஏற்றும் தேவை குறையும். சொத்தைப் பல்லை இப்போதே பார்த்துவிடுங்கள். வாயிலிருந்து ரத்தத்தில் கலக்கும் கிருமி புது ஸ்க்ரூவில் போய் ஒட்டிக்கொண்டால் விரட்டுவது கடினம்.

எலும்பு தேய்மானம் இருந்தால் செய்ய முடியாதா?

செய்யலாம், ஆனால் முதலில் எலும்பைத் தேற்ற வேண்டும். எலும்பின் அடர்த்தியை அளக்கும் டெக்ஸா ஸ்கேனில் டி-ஸ்கோர் என்ற எண் மைனஸ் 2.5 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஆஸ்டியோபோரோசிஸ். அந்த எலும்பில் போட்ட ஸ்க்ரூ, மரத்தூள் பலகையில் அடித்தது மாதிரி ஆடிக்கொண்டு வெளியே வந்துவிடும். டெரிபாராடைடு போன்ற எலும்பு வளர்க்கும் ஊசியைத் தினமும் போட்டுச் சில மாதம் கழித்து ஆபரேஷன், அதற்குப் பிறகும் ஊசி என்று திட்டமிடுவது உண்டு. ஒரு எச்சரிக்கை: முதுகு வளைந்து தேய்ந்தவர்களுக்கு இடுப்பு முதுகில் எடுக்கும் டெக்ஸா பொய்யாக நல்ல எண்ணைக் காட்டும், எலும்பு முளைகளையும் சேர்த்து எண்ணிவிடுவதால். தொடைக் கழுத்தின் எண்ணையும் கேட்டு வாங்குங்கள்.

ஒரு நாளைக்கு ரெண்டே ரெண்டு சிகரெட்தான். பரவாயில்லையா?

பரவாயில்லை என்று எந்தச் சர்ஜனும் சொல்ல மாட்டார். நிகோடின் சின்ன ரத்தக்குழாய்களைச் சுருக்கி, எலும்பு செல்கள் வேலை செய்வதையும் தடுக்கிறது. எலும்பு சேராமல் போவதற்கு இது பெரிய காரணம். வாயில் அடக்கும் புகையிலை, பான்மசாலா, வேப் எல்லாவற்றிலும் அதே நிகோடின்தான். விடுவதற்காகப் போடும் நிகோடின் சூயிங்கமும் பட்டையும்கூட நிகோடின் என்பதால், அவற்றையும் எப்போது நிறுத்துவது என்று கேளுங்கள். ஆபரேஷனுக்கு 6 வாரம் முன்பும், பிறகு குறைந்தது 6 மாதமும் சுத்தமாக வேண்டாம். சில இடங்களில் ரத்தத்திலோ சிறுநீரிலோ சோதித்துவிட்டுத்தான் தேதி தருகிறார்கள்.

எந்த மருந்துகளை நிறுத்த வேண்டும்?

நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பட்டியல் போட்டு மயக்க மருந்து டாக்டரிடம் கொடுங்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் மாத்திரைகளில், வழக்கத்தில் ஆஸ்பிரின் 7 நாள், குளோபிடோக்ரெல் 5 முதல் 7 நாள், வார்ஃபரின் 5 நாள் முன்பு நிறுத்தப்படும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மட்டும் இதய டாக்டர் சொல்லாமல் ஒன்றையும் தொடக் கூடாது. சர்க்கரைக்கு டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சாப்பிட்டால் 3 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். பட்டினி இருக்கும்போது அவை ரத்தத்தை அமிலமாக்கிவிடக்கூடும். எடை குறைக்கும் ஊசி போட்டால் கட்டாயம் சொல்லுங்கள், வயிறு காலியாவதை அது தாமதப்படுத்தும்.

சித்த, ஆயுர்வேத மருந்து, லேகியம், மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை எல்லாமே பட்டியலில் வர வேண்டும். ‘இதெல்லாம் மருந்தா’ என்று விட்டுவிடுவது இவற்றைத்தான். ரத்தம் உறைவதில் கைவைப்பவை அவற்றில் உண்டு. சமையலில் போடும் பூண்டைப் பற்றிக் கவலை இல்லை.

வீட்டில் என்னென்ன மாற்றங்கள் செய்ய வேண்டும்?

நம் வீடுகளில் பாதி வாழ்க்கை தரையில் நடக்கிறது. பாய், பலகை, அரிவாள்மணை, இந்தியக் கழிப்பறை. ஆபரேஷனுக்குப் பிறகு முழங்காலுக்குக் கீழே உள்ள உலகம் மூன்று மாதம் உங்களுக்குக் கிடையாது என்று வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

கட்டில், மெத்தையோடு சேர்த்து 20 அங்குல உயரம் வேண்டும். உட்கார்ந்தால் பாதம் முழுதாகத் தரையில் படவேண்டும், முட்டி இடுப்பை விட மேலே போகக் கூடாது. பஞ்சு மெத்தை குழிவிழுந்திருந்தால் அடியில் பலகை போடுங்கள். கைப்பிடி வைத்த, ஆடாத மர நாற்காலி ஒன்று. சோபாவை மறந்துவிடுங்கள், அதிலிருந்து எழுந்திருக்க இன்னொருவர் வேண்டும்.

கழிப்பறைதான் முக்கியம். வெஸ்டர்ன் டாய்லெட் இல்லையென்றால் அடியில் பக்கெட்டோ துளையோ வைத்த கமோடு நாற்காலி கிடைக்கும், இந்தியக் கழிப்பறைக்கு மேலேயே நிறுத்திக்கொள்ளலாம். வெஸ்டர்ன் இருந்தால் சீட்டின் மேல் 4 அங்குலம் உயர்த்தும் இன்னொரு சீட்டு. பக்கச் சுவரில் பிடிகம்பி: உறிஞ்சு கப் வைத்த வகை வேண்டாம், ஈரச் சுவரில் கழன்றுவிடும், ட்ரில் போட்டு மாட்டுங்கள். கை பின்னால் எட்டாது என்பதால் ஹெல்த் ஃபாசெட் அல்லது சீட்டிலேயே தண்ணீர் அடிக்கும் ஜெட். இதைப் பொருத்தியபின் ஆபரேஷனுக்கு முன்பே ஒரு வாரம், இடுப்பைத் திருப்பாமல் கழுவிப் பழகுங்கள்.

குளிக்க, கைப்பிடி வைத்த பிளாஸ்டிக் நாற்காலி. பக்கெட்டை இன்னொரு ஸ்டூல் மேல் வைத்தால் குனியாமல் மொண்டு ஊற்றலாம். தினசரிப் பாத்திரம், துணி, சார்ஜர் எல்லாம் இடுப்பு முதல் தோள் வரை உள்ள அலமாரிக்கு ஏறட்டும். கீழே விழுந்ததை எடுக்க நீளக் கைப்பிடி இடுக்கி மெடிக்கல் சாமான் கடையில் கிடைக்கும். மிதியடி, தரையில் ஓடும் வயர், காலைச் சுற்றும் நாய் மூன்றையும் ஒதுக்குங்கள்.

ஆஸ்பத்திரிக்கு எதை எடுத்துப் போவது? ரத்தம், பணம்?

முன்பக்கம் திறக்கும் நைட்டி அல்லது சட்டை, லுங்கி, பின்பட்டை உள்ள பழைய செருப்பு, நீள வயர் சார்ஜர், வளையும் ஸ்ட்ரா. படுத்தபடி டம்ளரில் குடித்தால் பாதி கழுத்தில் போகும். பழைய எக்ஸ்ரேக்கள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள்.

ரத்த வங்கி மாற்று தானம் கேட்கும், இரண்டு மூன்று பேரைத் தயாராக வைத்திருங்கள். செலவில் பெரும்பங்கு ஸ்க்ரூவுக்கும் கம்பிக்கும்தான். எஸ்டிமேட்டில் எத்தனை ஸ்க்ரூ என்று தனியாக எழுதி வாங்குங்கள். தனியார் காப்பீடு என்றால் ஸ்கோலியோசிஸ் ஏற்கெனவே உள்ள நோயாகக் கணக்கிடப்படும். அதற்கான காத்திருப்புக் காலம் 2024 ஏப்ரலிலிருந்து அதிகபட்சம் 36 மாதம். தமிழ்நாட்டில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தால், உங்கள் ஆபரேஷன் எந்தப் பேக்கேஜில் வருகிறது, கம்பி விலை அதில் அடக்கமா என்று ஆஸ்பத்திரியில் உள்ள திட்டக் கவுண்டரில் கேட்டு, முன்கூட்டியே அனுமதி வாங்குங்கள்.

முதல் நாள் இரவு?

ஆஸ்பத்திரியில் கொடுத்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி சோப்பால் குளியுங்கள். எண்ணெய், பவுடர், நகப்பூச்சு வேண்டாம். முதுகில் நீங்களே ஷேவ் செய்யாதீர்கள், கீறல் விழுந்தால் கிருமிக்கு வாசல். திட உணவு 6 மணி நேரம் முன்பும், வெறும் தண்ணீர் 2 மணி நேரம் முன்பும் நிறுத்துவது வழக்கம். பால் கலந்த காப்பி திட உணவுக் கணக்கு.

கால் செயலிழந்துவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

எல்லாருக்கும் இருக்கும் பயம். தலையிலும் காலிலும் ஊசி போன்ற மின்முனைகள் வைத்து, மூளையிலிருந்து கால்வரை சமிக்ஞை ஓடுகிறதா என்று ஆபரேஷன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். சமிக்ஞை குறைந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, இழுத்ததைத் தளர்த்துவார்கள். இரண்டு காலும் நிரந்தரமாகப் போவது அரிது. பெரிய திருத்தம் செய்த பெரியவர்களுக்கு ஒரு பாதமோ தொடையோ தற்காலிகமாகப் பலம் குறைவது அவ்வளவு அரிதில்லை. பெரும்பாலும் வாரங்களில், மாதங்களில் திரும்பும்.

எல்லாச் சிக்கல்களையும் சேர்த்தால், சிறுநீர்த் தொற்று முதல் ஸ்க்ரூ தளர்வது வரை, பெரியவர்களுக்குப் பத்தில் மூன்று நான்கு பேருக்காவது ஏதோ ஒன்று வருகிறது. இளம்பிள்ளைகளைவிட இது மிக அதிகம். பக்கத்து வீட்டுப் பெண் 14 வயதில் செய்து இரண்டே மாதத்தில் ஸ்கூல் போனாள் என்பதை உங்களோடு ஒப்பிட வேண்டாம்.

கண் விழிக்கும்போது எப்படி இருக்கும்?

ஆபரேஷன் 4 மணி நேரத்திலும் முடியும், 10 மணி நேரமும் ஆகும். மருந்தால் ரத்தப்போக்கைக் குறைத்திருந்தாலும் உடம்பு களைத்திருக்கும். ஒரு நாள் ஐசியு, சிறுநீர்க் குழாய், காயத்திலிருந்து ரத்தம் வடிக்கும் டியூப், கையில் ட்ரிப்ஸ். குப்புறப் படுத்திருந்ததால் முகம் வீங்கியிருக்கும், பார்க்க வருகிறவர்களிடம் முன்பே சொல்லிவையுங்கள். தொண்டை கரகரக்கும். தொடையின் முன்வெளிப்பக்கம் மரத்திருந்தால், ஆபரேஷன் மேசையின் மெத்தை அங்குள்ள தோல் நரம்பை அழுத்தியதாக இருக்கலாம். டாக்டரிடம் காட்டுங்கள். அதுவாக இருந்தால் வாரங்களில் சரியாகும்.

மூன்று பந்து வைத்த மூச்சுக் கருவியை விழித்திருக்கும்போது மணிக்குப் பத்து முறை உறிஞ்சுங்கள். ஊதுவதற்கில்லை, உறிஞ்சுவதற்கு. வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் சளி கட்டிக் காய்ச்சல் வரும்.

படுக்கையிலிருந்து எப்படி எழுந்திருப்பது?

மறுநாளோ மூன்றாம் நாளோ எழுப்பிவிடுவார்கள். முறை இது. மல்லாந்து படுத்து இரண்டு முட்டியையும் மடக்குங்கள். கைகளை மார்பின் மேல் வையுங்கள். தோள், இடுப்பு, முட்டி மூன்றும் ஒரே நேரத்தில், மரக்கட்டை உருள்வது போலப் பக்கவாட்டில் திரும்புங்கள். தோள் முதலில் போய் இடுப்பு பின்னால் வந்தால் முதுகு முறுக்குகிறது என்று அர்த்தம். கட்டில் ஓரத்துக்கு வந்ததும் இரண்டு காலையும் கீழே தொங்கவிட்டுக்கொண்டே, அடியில் இருக்கும் முழங்கையாலும் மேல் கையாலும் மெத்தையைத் தள்ளி எழுங்கள். கால் கீழே போகும் கனமே உடம்பை மேலே தூக்கும். இரண்டு நிமிடம் உட்காருங்கள், முதல் தடவை தலை சுற்றும். பிறகு பாதத்தைப் பின்னுக்கு இழுத்துத் தொடையில் கையூன்றி எழுங்கள். படுக்கும்போது இதே வரிசை தலைகீழாக.

கூட இருப்பவர் அக்குளில் கைகொடுத்துத் தூக்கக் கூடாது. நல்லெண்ணத்தில் எல்லாரும் செய்வது அதைத்தான். முழங்கையைப் பிடித்தால் போதும். இந்த உருளலை ஆபரேஷனுக்கு முன்பே இருபது தடவை பழகிவிட்டால் அன்று புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

வயிறு உப்புகிறது, நாலு நாளாக மலம் போகவில்லை.

குடல் மயக்கத்திலிருந்து மெதுவாகத்தான் எழும். கூடவே வலி மாத்திரைகள் அதைத் தூங்கவைக்கும். காற்று பிரியும்வரை கஞ்சியும் மோரும் மட்டும், நடை கூடக் கூட குடலும் அசையும். மலமிளக்கும் சிரப்பை, மலம் இறுகியபின் என்று காத்திராமல், வலி மாத்திரை தொடங்கும் நாளிலேயே கேட்டு வாங்குங்கள். முக்குவது முதுகுக்கு நல்லதில்லை. வயிறு கல்லாகி வாந்தியும் வந்தால் உடனே நர்ஸிடம் சொல்லுங்கள்.

வலி மாத்திரை எவ்வளவு நாள்? பழகிவிடுமா?

டிரமடால், டாபென்டடால் வகை பெரும்பாலும் 2 முதல் 6 வாரம். வலி உச்சிக்கு ஏறியபின் போட்டால் இறங்க நேரமாகும், முதல் இரண்டு வாரம் மணி பார்த்துப் போடுங்கள். பிறகு திடீரென்று நிறுத்தாமல் படிப்படியாகக் குறையுங்கள். நிறுத்தும் வாரத்தில் தூக்கமின்மை, எரிச்சல், வியர்வை வருவது மருந்து விலகுவதன் அறிகுறி.

பாரசிடமால் 650 மி.கி. மாத்திரை ஒரு நாளில் 6-ஐத் தாண்டக் கூடாது. உடம்பு மெலிந்தவர்களுக்கும் கல்லீரல் கோளாறு உள்ளவர்களுக்கும் இன்னும் குறைவு. டிரமடாலோடு சேர்ந்து வரும் கலவை மாத்திரையில் ஏற்கெனவே 325 மி.கி. பாரசிடமால் இருக்கும், அதையும் கூட்டுங்கள். டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் வகைகள் எலும்பு சேர்வதைத் தாமதப்படுத்தக்கூடும் என்பதால் மெடிக்கல் ஷாப்பில் நீங்களாக வாங்க வேண்டாம்.

புண்ணை எப்படிப் பார்த்துக்கொள்வது? குளிக்கலாமா?

கட்டு நனையாத வகையா என்று கேளுங்கள். ஆமென்றால் சில நாளிலேயே மேலே தண்ணீர் ஊற்றிக் குளிக்க விடுவார்கள், இல்லையென்றால் 10 முதல் 14 நாளில் தையலோ கிளிப்போ எடுக்கும்வரை துடைப்புக் குளியல். மஞ்சள், தேங்காய் எண்ணெய், விபூதி எதுவும் புண்ணில் வேண்டாம். குளம், நீச்சல், எண்ணெய்க் குளியல் 6 வாரத்துக்குப் பிறகு, அதுவும் டாக்டர் பார்த்தபின். தழும்பைச் சுற்றிக் கையகலத்துக்கு மரத்திருப்பது சகஜம், மாதக்கணக்கில் இருக்கும்.

முட்டை, தயிர், கறி கொடுத்தால் சீழ் பிடிக்கும் என்று வீட்டில் சொல்கிறார்களே?

பிடிக்காது. இந்த ஆபரேஷனுக்குப் பின் ரசம் சாதமும் கஞ்சியுமாக ஒரு மாதம் ஓட்டுவதுதான் புண்ணையும் எலும்பையும் ஆறவிடாமல் செய்கிறது. ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம் புரதம் வேண்டும். 60 கிலோ என்றால் 72 முதல் 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் அதற்குச் சற்று மேல், ஒரு கப் கொண்டைக்கடலைச் சுண்டலில் 14 அளவில். தண்ணீர் சாம்பாரை பருப்பு என்று கணக்கில் எடுக்காதீர்கள். பசியிருக்காது, வேளைக்குக் கொஞ்சமாக ஆறு வேளை. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எதைத் தூக்கலாம், எதைக் கூடாது?

குனியாதே, தூக்காதே, முறுக்காதே: முதல் 3 மாதத்துக்கு இந்த மூன்றும். முதல் 6 வாரம் 2 கிலோவுக்கு மேல் வேண்டாம், அதாவது இரண்டு லிட்டர் பால் பாக்கெட்டோடு சரி. மூன்று மாதத்தில் 5 கிலோ வரை. ஒரு பக்கெட் தண்ணீர் 15 கிலோ, முழு கேஸ் சிலிண்டர் கிட்டத்தட்ட 30 கிலோ, இரண்டும் எலும்பு சேர்ந்தது எக்ஸ்ரேயில் தெரியும்வரை பக்கத்தில் போகவே வேண்டாம். குழந்தையைத் தூக்காமல், நீங்கள் உட்கார்ந்தபின் அது ஏறி வரட்டும்.

பெருக்குவதும் துடைப்பதும் லேசான வேலை என்று நினைப்பவர்கள் உண்டு. குனிவதும் முறுக்குவதும் ஒன்றாகச் சேரும் வேலை அது. மூன்று மாதம் கழித்தும் நீளக் கைப்பிடி மாப்தான்.

நடை, பயணம், வேலை?

முதல் மூன்று மாதத்துக்கு நடைதான் பயிற்சி. வீட்டுக்கு வந்த வாரம் 5 நிமிடம், நாளைக்கு ஐந்தாறு முறை. தினமும் ஒன்றிரண்டு நிமிடம் கூட்டினால் ஆறு வாரத்துக்குள் அரை மணி நேரம் வந்துவிடும். ஒரே மூச்சில் இரண்டு கிலோமீட்டர் போய்விட்டு மறுநாள் எழ முடியாமல் கிடப்பதைவிட இது மேல். யோகா, வயிற்றுப் பயிற்சி, தொங்கும் பயிற்சி எல்லாம் டாக்டர் படம் பார்த்துச் சொன்னபின்.

வீட்டுக்கு வரும்போது ஆட்டோ வேண்டாம். காரில் முன் சீட்டைச் சற்றுச் சாய்த்து, சீட்டின் மேல் பிளாஸ்டிக் உறை ஒன்றைப் போடுங்கள். முதலில் உட்கார்ந்து, பிறகு கால்களோடு மொத்தமாகச் சறுக்கித் திரும்பலாம். முக்கால் மணிக்கொரு முறை இறங்கி நடங்கள். கார் ஓட்டுவது 6 முதல் 12 வாரத்தில், தூக்கம் வரவைக்கும் மாத்திரை நின்றபின். கழுத்து திரும்பினாலும் உடம்பு திரும்பாது, கண்ணாடிகளை மாற்றி வையுங்கள். டூவீலரில் பின்னால் உட்காருவதும் மூன்று மாதம் வேண்டாம், ஸ்பீட் பிரேக்கரின் அடி நேராக முதுகில் இறங்கும்.

உட்கார்ந்து செய்யும் வேலைக்கு 2 முதல் 3 மாதம், முதலில் அரை நாளாக. சுமை தூக்கும் வேலைக்கு 6 முதல் 12 மாதம், சிலருக்கு வேலையையே மாற்ற வேண்டிவரும்.

எப்போது உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்?

காலில் புதிதாகப் பலக்குறைவு, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்துப்போவது, சிறுநீர் வராமல் அடைப்பது அல்லது அடக்க முடியாமல் போவது: இரவு இரண்டு மணியானாலும் கிளம்புங்கள். மூச்சுத்திணறல், நெஞ்சுவலிக்கும் அப்படியே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அன்றே காட்டுங்கள், ரத்தம் உறைந்திருக்கலாம்.

100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சல், புண்ணிலிருந்து நீரோ சீழோ வடிவது, ஆறிவந்த வலி இரண்டாம் மூன்றாம் வாரத்தில் திடீரென்று கூடுவது கிருமியின் அடையாளம். உள்ளூர் கிளினிக்கில் ஆன்டிபயாடிக் வாங்கிப் போட்டு அமுக்கிவைக்காமல், ஆபரேஷன் செய்த இடத்துக்கே போங்கள். எழுந்து உட்கார்ந்தால் தலை பிளந்து, படுத்தால் விட்டுவிடுகிறது என்றால் நரம்பு உறையில் கசிவு இருக்கலாம், அதையும் சொல்ல வேண்டும்.

எட்டு மாதம் நன்றாக இருந்து, இப்போது மறுபடி வலிக்கிறதே?

தள்ளிப்போடாமல் படம் எடுங்கள். எலும்பு சேராத இடத்தில் கம்பி உடைவது பெரும்பாலும் முதல் வருடத்தின் பிற்பகுதியிலும் அடுத்த வருடத்திலும்தான். சிலர் ‘டிக்’ என்று சத்தம் கேட்டதாகச் சொல்வார்கள், சிலருக்குத் தெரியாமலே உடைந்திருக்கும். கம்பி முடியும் இடத்துக்கு மேலே உள்ள எலும்பு முன்பக்கம் சாய்ந்து கூன் விழுவது இன்னொன்று, எலும்பு பலவீனமானவர்களுக்கு முதல் சில மாதத்திலேயே வரும். கண்ணாடி முன் பக்கவாட்டில் நின்று மாதமொரு போட்டோ எடுத்து வைத்தால் இது கண்ணுக்குத் தெரிந்துவிடும். வலி இல்லாவிட்டாலும் 6 வாரம், 3 மாதம், 6 மாதம், 1 வருடம், 2 வருடம் என்ற எக்ஸ்ரேக்களை விடாதீர்கள்.

மனசு சரியில்லை. இதுவும் ஆபரேஷனாலா?

மூன்றாம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை பலருக்கு வரும். பார்க்க வந்த கூட்டம் நின்றுவிட்டிருக்கும், மருந்து குறைந்துகொண்டிருக்கும், தூக்கம் கெட்டிருக்கும். கண்ணாடியில் தெரியும் நேரான உடம்பும் கொஞ்ச நாள் அந்நியமாகவே இருக்கும். ஒன்றிரண்டு அங்குலம் உயரம் கூடியிருந்தால் பழைய ஜாக்கெட்டும் சட்டையும் பொருந்தாது. இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

தாம்பத்தியம், கர்ப்பம்?

6 முதல் 8 வாரத்தில், கம்பி உள்ளவர் மல்லாந்தோ பக்கவாட்டிலோ படுத்தபடி, முதுகை வளைக்காமல். கர்ப்பத்துக்கு ஒரு வருடமாவது இடைவெளி விடுவது வழக்கம். சுகப்பிரசவத்துக்குக் கம்பி தடையில்லை. ஆனால் இடுப்பு முதுகு ஒட்டியிருந்தால் முதுகில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்வது கடினம் அல்லது முடியாது. ஏழாம் மாதத்திலேயே பழைய எக்ஸ்ரேயோடு மயக்க மருந்து டாக்டரைப் பார்த்துவிடுங்கள், பிரசவ வலி வந்தபின் இந்தப் பேச்சைத் தொடங்க வேண்டாம்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடலாமா? விழுந்து கும்பிடலாமா?

மார்புப் பகுதியோடு நின்ற கம்பி என்றால், எலும்பு சேர்ந்தபின் இரண்டும் பெரும்பாலும் முடியும். இடுப்பெலும்பு வரை போயிருந்தால் பந்தியில் மேசை, கோயிலில் நின்றபடி கைகூப்பல்.

விமான நிலையத்தில் மெஷின் கத்துமா? இனி எம்ஆர்ஐ எடுக்க முடியாதா?

டைட்டானியம் பெரும்பாலும் கத்தாது, கத்தினால் தழும்பைக் காட்டி, டிஸ்சார்ஜ் சம்மரியைக் கொடுங்கள். எம்ஆர்ஐ பெரும்பாலும் எடுக்கலாம், எந்த உலோகம் என்று முன்பே சொல்ல வேண்டும். கம்பிக்குப் பக்கத்தில் படம் மங்கலாக வரும்.

டிஸ்சார்ஜ் ஆகும்போது, கேஸ் ஷீட்டில் ஒட்டிய ஸ்க்ரூ, கம்பி ஸ்டிக்கர்களின் நகலைக் கேட்டு வாங்கி, போனிலும் படமெடுத்து வையுங்கள். கம்பெனி, அளவு, பேட்ச் எண் எல்லாம் அதில் இருக்கும். ஒவ்வொரு கம்பெனி ஸ்க்ரூவின் தலைக்கும் ஒவ்வொரு விதமான திருப்பான் வேண்டும். பத்து வருடம் கழித்து வேறு ஊரில் ஒரு ஸ்க்ரூவைக் கழற்ற வேண்டிவந்தால், அங்குள்ள சர்ஜன் முதலில் கேட்பது அந்த ஸ்டிக்கரைத்தான்.